உள்ளூர் விதையா, தெற்கத்தி விதையா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வெட்டிய காட்டில் மறுபடி நட வெகுகாலம் அக்கம்பக்கத்து விதையைத்தான் எடுத்தார்கள். அந்த ஊர்ப் பனிக்குப் பழகிய விதை. நாற்று எளிதில் பிழைக்கும். ஆனால் பழகியது தாத்தா காலத்துக் குளிருக்கு. இன்று நடும் மரம் 60, 80 வருடம் நிற்க வேண்டுமே!

வெப்பம் கூடிய தெற்கிலிருந்து வரும் விதை நாளைய வெயிலைத் தாங்கும். சிக்கல் முதல் சில வருடங்களில்தான். இலையுதிர்காலத்திலும் வளர்ந்துகொண்டே இருக்கும்; முற்றாத நுனிக்குருத்து முதல் உறைபனியிலேயே கருகிவிடும். எது எங்கே தாங்கும் என்று 2009 முதல் கனடாவின் வடகோடியில் உள்ள யூகானிலிருந்து தெற்கே அமெரிக்காவின் கலிஃபோர்னியா வரை நட்டுப் பார்க்கிறார்கள்.

என் ஓட்டு தெற்கத்தி விதைக்கு. அதற்காக ரொம்பத் தூரம் போக வேண்டாம். 2018-இல் மாகாணமும் தட்பவெப்பம் பார்த்து விதை தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டது.