பனியில் படமெடுக்கக் கையுறை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

டிசம்பரில் சோலுக்கோ தோக்கியோவுக்கோ போய் நாலு தெருப்படம், இரண்டு கோயில் படம் எடுத்துவிட்டுச் சூடாக ராமென் சாப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். யூனிக்லோவில் ஒரு ஹீட்டெக் கையுறை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், அது போதும். இது ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோ மாதிரி இடத்தில், பிப்ரவரி விடியற்காலையில், மைனஸ் 15க்கும் கீழே, நகராமல் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று கேமரா பொத்தானை அழுத்தப் போகிறவர்களுக்கு.

அந்த "நகராமல்" என்பதுதான் விஷயமே. நடந்துகொண்டிருந்தால் உடம்பு தானே சூடாகும். ஹொக்கைடோவில் குஷிரோ நகரத்துக்குப் பக்கத்தில் ட்சுருய் கிராமத்தில் ஒட்டொவா பாலம் இருக்கிறது, டாஞ்சோ என்ற சிவப்பு உச்சிக் கொக்குகள் இரவில் தங்குகிற ஆற்றின் மேலே. எல்லாம் உறைந்து கிடக்கும் குளிரிலும் அந்த ஆறு உறைவதில்லை, அதனால் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பி இரு கரை மரங்களிலும் வெள்ளையாய்ப் படிந்துவிடும். அதைப் படமெடுக்க இடம் பிடிக்க வேண்டும் என்றால் இருட்டோடு போய் முக்காலியை விரித்துவிட்டுச் சூரியன் வரும்வரை சும்மா நிற்க வேண்டும். கடைசியில் வெளிச்சம் வரும்போது விரல் வேலை செய்யாமல் போனால் அத்தனை செலவும் வீண்.

எனவே என் கணக்கு இது: படமெடுக்கிறவனுக்கு எந்தக் கையுறை அதிகம் சூடு என்பது இரண்டாவது கேள்வி. விரலை எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்கலாம், அதைவிட முக்கியமாக எவ்வளவு சீக்கிரம் திரும்ப உள்ளே விடலாம் என்பதுதான் முதல் கேள்வி.

இதைச் சிங்கப்பூரில் கடைக்காரரிடம் புரியவைப்பது லேசு இல்லை. தேக்கா பக்கம் ஒரு கடையில் இருந்த தம்பி, "அண்ணே, இதைப் போட்டா வட துருவத்துக்கே போகலாம்ணே" என்று தலையணை கனத்துக்கு ஒரு பனிச்சறுக்குக் கையுறையைக் கொண்டுவந்து வைத்தார். போட்டுப் பார்த்தேன். சூடுதான், வெளியே 31 டிகிரி என்பதால் எதைப் போட்டாலும் சூடுதான். பையிலிருந்த கேமராவை எடுத்து ஷட்டரைத் தேடினால் எது ஷட்டர், எது டயல் என்று விரலுக்குத் தெரியவில்லை. பாதி அழுத்தி ஃபோகஸ் பிடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. தம்பி சிரித்துக்கொண்டே, "அப்ப கழட்டிட்டு எடுங்கண்ணே" என்றார். கழற்றிவிட்டு எடுப்பதற்கு எதற்குக் கையுறை?

ஆக முதல் ஆலோசனை, கடைக்குக் கேமராவோடு போங்கள். ஷட்டரைப் பாதி அழுத்துங்கள், பின்பக்க டயலைச் சுற்றுங்கள், பேட்டரிக் கதவைத் திறந்து மூடுங்கள், கார்டை வெளியே இழுங்கள். வாங்கிய பிறகு வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டி பொதுவாக மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அதில் கிடக்கும் உறைந்த மீன் பாக்கெட்டைக் கையுறை போட்டுக்கொண்டு இறுக்கிப் பிடித்தபடி இருங்கள், உள்ளங்கைப் பக்கம் பஞ்சு எவ்வளவு மெல்லிசு என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். பல கையுறைகளில் புறங்கையில் கனமாக வைத்துவிட்டு உள்ளங்கையில் மிச்சம் பிடித்திருப்பார்கள், கேமராவைப் பிடிப்பதோ உள்ளங்கைதான். என் மனைவி இந்தச் சோதனையைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதவில்லை.

சரி, வகைகளுக்கு வருவோம். விரல்நுனி வெட்டிய கையுறைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம், மைனஸில் அவை அலங்காரம். அடுத்தது, புகைப்படக்காரர்களுக்கென்றே வரும் கையுறைகள்: கட்டைவிரல், சுட்டுவிரல் இரண்டின் நுனியை மட்டும் மடித்துத் திறக்கலாம், திறந்த நுனியைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். நார்வேயின் வாலரெட் இந்த வடிவத்தில் பெயர் வாங்கியது. வடிவம் புத்திசாலித்தனமானது, நடந்துகொண்டே படமெடுப்பவருக்கு இதைவிட நல்லது கிடையாது, மைனஸ் 5, மைனஸ் 7 வரை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். அதற்குக் கீழே போய் நிற்கும்போது பிரச்சினை வடிவத்தில் இல்லை, உடம்பில்: விரல்கள் தனித்தனி அறையில் இருக்கும் எந்தக் கையுறையிலும் ஒவ்வொரு விரலும் தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை வெளியே போய் ஜில்லிட்டு வந்த சுட்டுவிரலுக்குப் பக்கத்து விரலிடமிருந்து ஒன்றும் கிடைக்காது.

அதனால்தான் என் ஓட்டு மூன்றாவது வகைக்கு. உள்ளே மெல்லிய ஐந்து விரல் கையுறை, அதற்கு மேல் எல்லா விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன். மிட்டனின் மேல்பாகத்தை அப்படியே பின்னால் மடக்கலாம். மடக்கினால் ஐந்து விரலும் மெல்லிய உறையோடு வெளியே வரும், படத்தை எடுத்துவிட்டு மூடினால் எல்லாம் ஒன்றாக ஒடுங்கிக்கொள்ளும். ஆஸ்திரியாவின் தி ஹீட் கம்பெனி இந்த அடுக்கு முறையில்தான் தன் கையுறைகளைச் செய்கிறது, கைச்சூட்டுப் பாக்கெட் வைக்கத் தனிப் பையும் உண்டு. நான் வாங்கியது அதே யோசனையில் வந்த, விலை குறைந்த வேறொரு பிராண்ட். அதன் பெயர் முக்கியமில்லை, வடிவம்தான் முக்கியம்.

பாலத்தின் மேல் அது எப்படி உழைத்தது? பொதுவாக நன்றாகவே. மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பதும், கொக்கு இறக்கை விரித்ததும் வலது கையை மட்டும் திறந்து சுடுவதும், மறுபடி மூடுவதும் கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. இடது கை லென்ஸுக்கு அடியில் மூடியபடியே இருந்தது, ஜூம் வளையத்தை மிட்டனோடே சுற்ற முடிந்தது. மணிக்கட்டில் ஒரு வார் இருக்கிறது, அது இல்லாத மிட்டனை வாங்கவே வாங்காதீர்கள், பேட்டரி மாற்றக் கழற்றும்போது பாலத்திலிருந்து கீழே விழுந்தால் ஆற்றோடு போச்சு. குறை என்றால் மடக்கிய மூடியைப் பிடித்துவைக்கும் வெல்க்ரோ. பனித்தூள் ஏறியதும் அது ஒட்ட மறுத்தது, மூடி படக்கென்று விரல் மேல் விழுந்து நல்ல காட்சி ஒன்றைக் கெடுத்தது. காந்தம் வைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள். இன்னொரு குறை, வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம். அந்த அமைதியில் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உள்ளே போடும் மெல்லிய கையுறைக்குப் பெரிய காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. மெரினோ கம்பளி சிறந்தது, ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும். பருத்தி கூடவே கூடாது, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு நம்மையே உறைய வைக்கும். டெகாத்லானில் மலையேறிகளுக்கான உள் கையுறைகள் கிடைக்கின்றன, இரண்டு ஜோடியாக வாங்கி ஒன்றை உள்பாக்கெட்டில் காயாகவே வைத்திருங்கள். தொடுதிரைக்கு வேலை செய்யும் என்று போட்டிருந்தால் கடையிலேயே உங்கள் கைபேசியில் தொட்டுப் பாருங்கள், நுனியில் பூசியிருக்கும் மின்கடத்தும் பொருள் தேயத் தேய அது ஒத்துழைக்காது. கேமராவின் பின்திரையில் தொடு ஃபோகஸை அணைத்துவிடுவது நல்லது, மிட்டன் உரசி உரசி ஃபோகஸ் புள்ளி எங்கோ மூலைக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

இப்போது கைரோ. ஜப்பானியர் குலுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் அந்தச் சூட்டுப் பாக்கெட், இங்கே டோன் டோன் டோன்கியிலும் டைசோவிலும் கிடைக்கும், அங்கே போனால் எந்த மூலைக்கடையிலும். உள்ளே இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். இரும்பு துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது, துருப்பிடிக்கக் காற்று வேண்டும். இறுக்கமான கையுறைக்குள் திணித்துவிட்டு "சூடே வரல" என்று பலர் குறைப்படுவதன் காரணம் இதுதான். மிட்டனுக்குள் காற்று கொஞ்சம் இருக்கும், அதனால் அங்கே அது வேலை செய்யும், வெளியில் எடுத்துச் சூடேறியபின் உள்ளே வைத்தால் இன்னும் நல்லது. விரல்நுனியில் வைப்பதைவிடப் புறங்கையிலோ மணிக்கட்டின் உள்பக்கத்திலோ, உள் கையுறைக்கு மேலே வையுங்கள், விரலுக்குப் போகும் ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது. நேராகத் தோலில் வைத்தால் சுட்டுவிடும். காலணிக்கான கைரோவைக் கையில் பயன்படுத்தாதீர்கள், அது காற்று குறைந்த இடத்துக்கென்று செய்தது, வெளிக்காற்று பட்டால் சூடு அளவுக்கு மீறிப் போகும்.

பேட்டரியால் சூடாகும் கையுறைகளை ஒரு நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சுகம்தான். ஆனால் கேமரா பேட்டரியே குளிரில் மளமளவென்று இறங்கும்போது இன்னொரு பேட்டரியையும் காவல் காக்க எனக்குப் பொறுமை இல்லை. வாங்குகிறவர்கள் அந்த லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அளவு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல்மூட்டு வரிசையைச் சுற்றி அளவு நாடாவால் அளந்து, விற்பவரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள், ஐரோப்பிய எம்மும் ஆசிய எம்மும் ஒன்றல்ல. இறுக்கமாக இருந்தால் பஞ்சு அமுங்கும், ரத்த ஓட்டமும் குறையும், இரண்டுமே குளிரைத்தான் கூட்டும். உள் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் மிட்டனை அளவு பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினால் விலைக்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களும் அதில் வந்துவிட்டன, இங்கே பதிவு செய்துள்ள பெரிய தளங்கள் பணம் செலுத்தும்போதே அதைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக நம் ஊர்ப் பிரச்சினை. குளிர்நாட்டு விமர்சனங்களில் இதைப் பார்க்கவே முடியாது. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். ஹொக்கைடோவிலிருந்து வந்து துவைக்காமல் அலமாரியில் போட்ட தோல் கையுறை அடுத்த பயணத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். செயற்கைத் தோல் இன்னும் மோசம், பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் தானே சிதைந்து உரிந்துபோகும். என் பழைய ஜோடி ஒன்றின் உள்ளங்கை, போடாமல் வைத்திருந்தபோதே கருப்புச் செதில் செதிலாக உதிர்ந்து கேமராப் பை முழுக்க அப்பியிருந்தது. நம் வீட்டு அலமாரியை நினைத்துப் பார்த்தால் உள்ளங்கையில் அசல் ஆட்டுத்தோல், அல்லது வெறும் துணியில் சிலிக்கான் புள்ளிகள் என்று இருப்பதைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். வந்ததும் நன்றாகக் காயவைத்து, லென்ஸுக்கென்று ட்ரை கேபினெட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) இருந்தால் அதன் கீழ்த்தட்டில் ஓர் ஓரம் ஒதுக்குங்கள். இல்லையென்றால் இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு போட்டு வைத்து, அவ்வப்போது பாக்கெட்டை மாற்றுங்கள்.