டெம்பெல்ஹோஃபா, எல்லினிகோவா?

ஊருக்கு நடுவே விமான நிலையம் ஒன்று மூடிக் கிடக்கிறது. என்ன செய்யலாம்? பெர்லினும் ஏதென்ஸும் வெவ்வேறு வழியில் போயின.

பெர்லினின் டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008 அக்டோபரில் மூடப்பட்டது. 2010 மே மாதம் பூங்காவாகத் திறந்தது. 300 ஹெக்டேருக்கும் மேல் வெட்டவெளி. ஓடுபாதையில் சைக்கிள், ஸ்கேட்டிங், பட்டம். ஒரு மூலையில் பழைய பலகைகளை அடித்துச் செய்த பெட்டிகளில் தோட்டம். 1948-49-ல் சோவியத் யூனியன் மேற்கு பெர்லினை முற்றுகையிட்டபோது விமானங்களில் உணவும் நிலக்கரியும் வந்திறங்கிய அதே தரை. ஓரங்களில் வீடு கட்டலாம் என்றது நகர அரசு. 2014 வாக்கெடுப்பில் மக்கள் கூடாது என்றார்கள். வாடகை ஏறும்போதெல்லாம் அந்தப் பேச்சு திரும்பக் கிளம்புகிறது, அது வேறு கதை.

ஏதென்ஸின் எல்லினிகோ விமான நிலையம் மூடியது 2001-ல். 2004 ஒலிம்பிக்ஸுக்கு அங்கே அரங்குகள் எழுந்தன. அப்புறம் அவற்றிலும் புல் முளைத்தது. ஈரோ சாரினென் வடிவமைத்த முனையத்துக்குள் அகதிகள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள், 2017 வரை. இப்போது கடலோரக் கோபுரம், கடைகள், பெரிய பூங்கா என வேலை நடக்கிறது.

முதலீடும் வேலைவாய்ப்பும்தான் முக்கியம் என்றால் ஏதென்ஸ் வழி சரி. காசு செலவில்லாமல் மாலையில் காற்று வாங்க எனக்கு டெம்பெல்ஹோஃப்தான். நிழல் மட்டும் கிடைக்காது. கோடையில் போனால் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.