ஊதா டிகிரீசரும் வால்வ் கவரில் ஒரு வெள்ளைக் கறையும்: மூன்று வருட அனுபவம்

பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "எஞ்சினைக் கழுவ எந்த டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் திரவம்) வாங்கலாம்? நீங்கள்தான் ரொம்ப நாளாக ஏதோ ஒன்று வைத்திருக்கிறீர்களே." ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ஒரு வரியில் நிற்காது.

என்னிடம் இருப்பது தண்ணீரில் கலந்து அடிக்கும் ஊதா நிறத் திரவம். காரத்தன்மை கொண்டது, 5 லிட்டர் கேன், மூன்று வருடத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் மண்ணெண்ணெயும் பிரஷும்தான். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்கும், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு துடைத்தாலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று மிச்சம் இருக்கும், புழுதி மறுபடி அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும், ரேடியேட்டர் ஹோஸ் ரப்பரில் அடிக்கடி பட்டால் அது உப்பி மெத்தென்று ஆகிவிடும். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைப்பவர்களும் இருக்கிறார்கள். மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற பொருள் அது, சூடான எஞ்சின் பக்கத்தில் அதற்கு என்ன வேலை?

சரி, ஊதாவுக்கு வருகிறேன். முதல் தடவை அடித்தபோது அசந்துபோனேன். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் வரை ஆறவைத்து (கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம், அடித்த மருந்தும் உடனே காய்ந்துவிடும்), மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், அதை ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், ஏர் ஃபில்டர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டி மூடிவிட்டு, 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு என்று கலந்து அடித்தேன். ஐந்து நிமிடம்தான். வருடக்கணக்கில் பொருக்குத் தட்டிப் போயிருந்த கறுப்பு, பிரஷ் பட்டதும் குழம்பாக வழிந்தது. எஞ்சினின் உடம்பான பிளாக்கில் வார்த்திருந்த எண்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன்.

அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எப்போதும் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கழுவி, காயவைத்து, சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் டால்கம் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் பவுடரில் ஈரக்கோடு மேலே இருந்து இறங்கியிருக்கிறது! எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவருக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டின் பின்மூலை. அங்கே கசிந்த எண்ணெய் எஞ்சின் முதுகு வழியாக இறங்கி, சீலில் இருந்து வருவது போல வேஷம் போட்டிருக்கிறது. கேஸ்கெட்டை மாற்றினேன், நின்றுவிட்டது. கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கேனுக்கு மாலை போடலாம்.

ஆனால் போடமாட்டேன்.

மூன்றாவது தடவை கழுவும்போது, கலக்கச் சோம்பல்பட்டு, வால்வ் கவரில் அப்படியே நேராக அடித்துவிட்டேன். அதே நேரத்தில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து பார்க்கும்போது வெயிலில் பாதி காய்ந்து போயிருந்தது. அலசினேன். பிசுக்கு போயிருந்தது, கூடவே அலுமினியத்தின் பளபளப்பும். உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் திட்டு. தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேனின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "எல்லா உலோகங்களுக்கும் ஏற்றது" என்று போட்டுவிட்டு, பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் "அலுமினியத்தில் நீர்க்கச் செய்தே பயன்படுத்தவும், காயவிடக் கூடாது" என்று போடுவது என்ன நியாயம்? இதில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே இருக்கும் ஆக்சைடு படலத்தை அது கரைத்துவிடும், அப்புறம் உலோகத்தையே தின்ன ஆரம்பிக்கும். வார்ப்பிரும்பு இதற்கெல்லாம் அசைந்துகொடுக்காது. அலுமினியம் கொடுக்கும்.

வினிகர் தடவிப் பார்த்தேன், மெட்டல் பாலிஷ் போட்டுப் பார்த்தேன். கறை மங்கியது, போகவில்லை. ஆயில் அளவு பார்க்க பானெட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் கண்ணில் படுவது அதுதான். "பெயின்ட் அடித்துவிடேன்" என்கிறார்கள் வீட்டில். அடித்தால் தோற்றுப்போனது போல இருக்கும், அதனால் அடிக்கவில்லை.

மற்றபடி சில்லறைத் தொந்தரவுகள். கையுறை இல்லாமல் தொட்டால் கை காய்ந்து தோல் உரியும். கழுவிய அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது என்பதால் அடியில் பழைய தட்டு வைத்துப் பிடிக்கிறேன், அது ஒரு தனி வேலை. ஒருமுறை பையைச் சரியாகக் கட்டாமல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போய் எஞ்சின் விக்கியது. மூடியைக் கழற்றித் துடைத்து டபிள்யூடி-40 அடித்ததும் சரியானது. அந்தப் பெயரே தண்ணீரை விரட்டும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதன் சுருக்கம்தானே. பிரஷர் வாஷர் பக்கமே போகாதீர்கள், சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும்.

நண்பருக்கு நான் சொன்னது: இதை வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் சிலிண்டர் ஹெட் (வால்வ் கவருக்குக் கீழே இருக்கும் எஞ்சினின் மேல்பாகம்) அலுமினியம். பொருள் பட்டியலில் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாத, அலுமினியத்துக்கு ஆகும் என்று பின்பக்கத்திலும் எழுதியிருக்கிற ஒன்றைப் பாருங்கள். அது ஒரே அலசலில் போக்காது, இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

"அப்போது உங்கள் கேன் தீர்ந்தால் நீங்கள் எதை வாங்குவீர்கள்?" என்று கேட்டார். இதையேதான் என்றேன்.

மதிப்பெண் 5க்கு 2. இன்று காலை பானெட்டைத் திறக்காமல் இருந்திருந்தால் 4 கொடுத்திருப்பேன்.