ரிசீவர் வாங்க முதல் பின்பக்கத்தைப் பாருங்கோ

திருகோணமலையில ஹோம் தியேட்டர் ரிசீவர், அதுதான் ரீவிச் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கருகளுக்குக் குடுக்கிற அம்ப், வாங்க யோசிக்கிற ஆக்கள் இதை வாசிச்சிட்டுக் காசைக் குடுங்கோ. நான் 85,000 ரூபா குடுத்து எடுத்த செட் இப்ப உவர்மலையில ரிப்பேர் பாக்கிற அண்ணையின்ர மேசையில எரிஞ்சுபோய்க் கிடக்கு.

நான் ஒண்டும் பாக்காமல் போகேல்ல, ரெண்டு மாசமா யமஹா, டெனோன், ஒன்கியோ எண்டு எல்லாத்தையும் வொட்ஸை வச்சு ஒப்பிட்டுப் பாத்தன், அதுதான் முதல் பிழை. ஒரு பெட்டியில 150 வொட் எண்டு இருக்கும், அது ஒரு சனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போற லைனை மட்டும் ஓடவிட்டு, 6 ஓம் ஸ்பீக்கரில, 1 கிலோஹேட்ஸ் எண்ட ஒரே சுருதியில, 10 வீத டிஸ்டோர்ஷனோட (சத்தம் சிதையிறதோட) அளந்த கணக்கு. இன்னொண்டில 80 வொட் எண்டு இருக்கும், அது ரெண்டு சனலையும் ஒண்டா ஓடவிட்டு 8 ஓமில, 20 ஹேட்ஸ் தொடக்கம் 20 கிலோஹேட்ஸ் வரைக்கும், 0.08 வீத டிஸ்டோர்ஷனுக்குள்ள அளந்தது. இந்த ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாக்கவே ஏலாது, அந்த 80 தான் நல்ல செட்டா இருக்கவும் கூடும்.

டவுனுக்குள்ள ஒரு கடையில "தம்பி, ஜப்பான் சாமான், 150 வொட், புறக்கோட்டையிலயும் இந்த விலைக்கு எடுக்கேலாது" எண்டு சொல்லித் தந்திட்டினம். கூடவே ஒரு கறுப்புப் பெட்டி. இது என்னண்ணை எண்டு கேட்டன், "ஸ்டெபிலைசர், இஞ்ச கரண்ட் ஏறி இறங்குமெல்லே" எண்டார், நானும் நம்பிட்டன். வீட்ட கொண்டுவந்து பூட்டினா ரீவிச் சத்தம் எச்டிஎம்ஐ வயரால வரேல்ல, அந்த வயராலயே ரீவிச் சத்தத்தை ரிசீவருக்கு எடுக்கிற ஏஆர்சி எண்ட வசதியே இல்லை. 2009இல எச்டிஎம்ஐ 1.4ஓட வந்த விஷயம் அது, அதுகூட இல்லாத செட்டைத்தான் புது மொடல் எண்டு வித்திருக்கினம். கொப்பியடிக்காமல் பாதுகாக்கிற எச்டிசிபி 2.2 எண்ட பூட்டு முறை இல்லாதபடியா, அந்தப் பூட்டுப் போட்ட 4கே படமும் அதுக்குள்ளால போகாது.

சரி, பாட்டாவது கேப்பம் எண்டு ஒப்டிகல் வயர் வாங்கிப் போட்டு வச்சிருந்தன். போன கிழமை தங்கச்சி வீடு கூட்டேக்க பிளக்குகளைக் கழட்டிட்டு, பிறகு கறுப்புப் பெட்டியை விட்டிட்டு ரிசீவரை நேர சுவத்துப் பிளக்கில குத்திப்போட்டாள். ஒரு சத்தம், அதோட வயர் எரியிற மணம் வீடு முழுக்க. அவள் பயத்தில அழுதே போட்டாள், அதில அவளின்ர பிழை ஒரு துளியும் இல்லை.

ரிப்பேர் அண்ணை செட்டைத் திருப்பி, பின்பக்கத்தில கடைக்காரர் ஒட்டின வொரண்டி ஸ்டிக்கரை நகத்தால மெல்ல மெல்ல உரிச்சார். அடியில ஏசி 100 வோல்ட் எண்டு இருந்தது. ஜப்பானுக்குள்ள விக்கிற செட், எங்கட கரண்ட் 230. அந்தக் கறுப்புப் பெட்டி ஸ்டெபிலைசரே இல்லை, 230ஐ 100ஆக் குறைக்கிற ரான்ஸ்போமர். ஜப்பான் பிளக்கை வெட்டி எங்கட மூண்டு பின் பிளக்கை முடிஞ்சு விட்டிருக்கினம், அதாலதான் ஆருக்கும் ஒரு சந்தேகமும் வரேல்ல.

திருப்பிக் கொண்டுபோனா "நீங்கள் பிழையாக் குத்தினதுக்கு நாங்கள் என்ன செய்யிறது" எண்டு கேக்கினம். பில்லில "அம்ப் செட் 1" எண்டு மட்டும்தான் எழுதிக் கிடக்கு, மொடல் நம்பரும் இல்லை வோல்டேஜும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977 எண்ட போன் நம்பருக்கு எடுத்துக் கதைச்சன், அவையளுக்கு எழுத்திலயும் முறைப்பாடு குடுக்கப் போறன்.

நீங்கள் ஆரும் எடுக்கிறதெண்டா மொடல் நம்பரையும் 230 வோல்ட் எண்டதையும் பில்லில எழுதச் சொல்லுங்கோ, எழுத மாட்டன் எண்டா அந்த இடத்திலயே விட்டிட்டு வாங்கோ. சந்தேகமெண்டா காசு குடுக்க முதல் பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா உரிச்சுப்போட்டு எடுங்கோ.