ஷாவோலின் மங்க்ஸா, நீனாவா, சப்-ஜீரோவா?

டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசி பழைய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் கன்சோல் ஒன்றை வாங்கியாயிற்று. சண்டை கேம்களின் கிளையாக வந்த சாகச கேம்களில் எதைப் போடலாம்? டிஸ்க்கைத் தேடுமுன் கன்ட்ரோலரைப் பாருங்கள்.

காரணம், 'டெத் பை டிகிரீஸ்'. டெக்கன் சண்டை கேம் தொடரின் நீனா வில்லியம்ஸை வைத்து நாம்கோ 2005-இல் கொண்டுவந்தது. இதில் அடி, உதை எல்லாம் வலது ஸ்டிக்கில்தான். தள்ளும் பக்கம் அடி விழும். பல கை மாறிய கன்ட்ரோலரில் ஸ்டிக் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், நீனா காற்றைத்தான் உதைப்பாள். எலும்பு நொறுங்குவதை எக்ஸ்ரே போலக் காட்டும் அடி ஜோர்தான். ஆனால் கேமரா ஒத்துழைக்காது.

அதே 2005-இல் மிட்வே வெளியிட்ட 'மார்ட்டல் காம்பாட்: ஷாவோலின் மங்க்ஸ்' அடிகளைப் பட்டன்களில் வைத்திருக்கிறது. இடது ஸ்டிக் திசைக்கு. சுற்றி நாலு பேர் நின்றாலும் காம்போவை (தொடர் அடியை) அறுக்காமல் ஆள் மாற்றி அடிக்கலாம். லியூ காங், குங் லாவ் என்ற பாத்திரங்களாக இருவர் ஒரே திரையில் ஆடலாம். திரை பிரியாது, அதனால் ஒருவர் முன்னே ஓடினால் மற்றவருக்கும் இடைஞ்சல். கிடைக்கும் அனுபவப் புள்ளிகளை எல்லா வித்தைக்கும் பிரித்துப் போடாதீர்கள். லியூ காங்குக்கு நெருப்புப் பந்து, குங் லாவுக்குத் தொப்பி வீச்சு என ஒன்றை முதலில் ஏற்றினால் பாஸ்களிடம் (கட்டத்தின் பெரிய எதிரிகளிடம்) திணற வேண்டியதில்லை. 'உயிருள்ள காடு' என்ற கட்டத்தில் எதிரியை மரத்தின் வாய்க்குள் எறிந்தால் வேலை சுலபம். உள்ளே பழைய சண்டை கேமான 'மார்ட்டல் காம்பாட் 2' வேறு ஒளிந்திருக்கிறது. தம்பியோடு ஆட இந்த டிஸ்க் ஒன்றே போதும்.

அதே மார்ட்டல் காம்பாட் தொடரில் வந்த 1997-இன் 'மித்தாலஜீஸ்: சப்-ஜீரோ' வேறு ரகம். வில்லன் மந்திரவாதி குவான் சீ முதன்முதலில் தலைகாட்டிய கேம் என்பதால் கதைப்பித்தர்களுக்கு மட்டும் சொல்லலாம். சண்டை கேமின் கன்ட்ரோலை அப்படியே பக்கவாட்டு ஓட்டத்துக்குப் போட்டுவிட்டார்கள். எதிரி முதுகுப் பக்கம் போனால் தானாகத் திரும்பாது, திரும்ப ஒரு தனி பட்டன். காற்றுக் கோயிலில் தாவும் முன் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று கவனிக்காவிட்டால் பள்ளம்தான். 2000-இல் அதே தொடரின் ஜாக்ஸ் என்ற பாத்திரத்தை வைத்து வந்த 'ஸ்பெஷல் ஃபோர்சஸ்' இதையும்விட மோசம், தொடவே வேண்டாம்.

இவை இரண்டும் பிஎஸ்1 டிஸ்க்குகள். பிஎஸ்2-வில் ஓடும், ஆனால் பிஎஸ்2-வின் 8 எம்பி மெமரி கார்டு பிஎஸ்1 கேம்களைச் சேமிக்காது. அதற்குப் பழைய பிஎஸ்1 கார்டு வேண்டும். எல்இடி டிவியில் எச்டிஎம்ஐ மாற்றி வழியாகப் போட்டால் பட்டனுக்கும் தாவலுக்கும் இடையே தாமதம் தெரியலாம். டிவியில் கேம் மோடு வைத்துப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் வீட்டு மூலையில் தூங்கும் பழைய குண்டு டிவியைத் தட்டி எழுப்புங்கள்.