பலெர்மோவில் ஆறு ஆண்டுகள்: ஒலிவ் எண்ணெயும் என் இரத்தக் குழாய்களும்

2019 வசந்த காலத்தில், இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில், எனது 49ஆவது வயதில், என் கழுத்து நாடியை ஸ்கேன் செய்து பார்த்த வைத்தியர், குழாய்ச் சுவர் வயதுக்கு மிஞ்சித் தடித்திருக்கிறது என்றார். இரத்த அழுத்தம் 148/92, எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரோல் 162. குளிசை எழுதித் தந்துவிட்டு, "இருபது வருடமாகச் சிசிலியில் இருக்கிறீர்கள், எங்கள் பாட்டிமார் சாப்பிட்டதைச் சாப்பிடுவதில்லையா?" என்று கேட்டார். உண்மையில் இல்லை. பலெர்மோத் தமிழர் பலரைப் போல எங்கள் வீட்டிலும் இரண்டு வேளை வெள்ளைச் சோறும் தேங்காய்ப்பால் கறியும்தான். வெளியே போனால் கடலை மாவில் பொரித்த பனெல்லே. சிசிலித் தெருவில் விற்பதெல்லாம், வைத்தியர் சொன்ன பாட்டிமாரின் மத்தியதரைக்கடல் உணவுமுறை (காய்கறி, பருப்பு, மீன், ஒலிவ் எண்ணெய்) ஆகிவிடாது.

முதல் ஆறு மாதம் நான் செய்தது முழுப் பிழை. வழக்கமான சாப்பாட்டில் ஒன்றையும் குறைக்காமல், அதன் மேலேயே ஒலிவ் எண்ணெயை ஊற்றினேன். இரண்டு கிலோ கூடியதுதான் மிச்சம். உப்பில் ஊறிய ஒலிவ் காய்களும் நெத்தலியும் சேர்ந்ததால் இரத்த அழுத்தமும் இறங்க மறுத்தது. எதைச் சேர்க்கிறோம் என்பதைவிட, அது எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதே முக்கியம் என்பது பிறகுதான் உறைத்தது. வெண்ணெய் இருந்த இடத்துக்கு ஒலிவ் எண்ணெய் வந்தது; இரவுச் சோற்றின் இடத்தை மைசூர்ப் பருப்போ கடலையோ எடுத்தது; ஆட்டிறைச்சிக்குப் பதிலாக வாரம் இருமுறை பல்லரோ சந்தைச் சாளை மீன்; மாலை ரோல்சுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி அக்ரூட்டும் வாதுமையும். கத்தரிக்காயைப் பொரிக்காமல் சுட்டு, புளிக்காடி விட்டுப் பிரட்டினால் எங்கள் நாக்குக்கும் ஒத்துப்போகிறது.

நல்ல எண்ணெயை அறிய என்னிடம் ஓர் எளிய வழி உண்டு. நவம்பரில் புதிதாகப் பிழிந்த, பச்சை நிறம் மாறாத எண்ணெயை ஒரு கரண்டி வெறுமனே விழுங்கினால், நாக்கில் காரம் தெரியாது. சற்றுப் பிந்தித் தொண்டையில் மிளகு பட்டதுபோல் எரிந்து இருமல் வரும். அந்தக் காரத்துக்குக் காரணமான ஒலியோகாந்தல் என்ற பொருள், வலி நீக்கும் இபுபுரோஃபன் குளிசையைப் போலவே அழற்சியைத் தூண்டும் நொதியங்களைத் தடுக்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். எண்ணெயிலுள்ள பொலிபீனோல்கள் என்ற தாவரப் பொருட்கள் எல்டிஎல் துணிக்கைகள் ஒட்சியேற்றமடைந்து குழாய்ச் சுவரில் படிவதைக் குறைக்கின்றன; குழாயின் உட்படலமான அகவணி அப்படிப் பாதிக்கப்படாமல் போதிய நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கும்போது குழாய் இளகி விரிகிறது.

ஸ்பெயினில் 7,447 பேரிடம் மத்தியதரைக்கடல் உணவைச் சோதித்த பிரெடிமெட் ஆய்வு 2013இல் வெளிவந்து, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்த முறையில் குறை தெரியவந்ததால் மீளப் பெறப்பட்டு, 2018இல் திருத்தி வெளியிடப்பட்டது. அப்போதும் அந்த உணவு உண்டவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியன சேர்த்துப் பார்க்கையில் சுமார் 30 வீதம் குறைவு என்ற முடிவு நின்றது. என் நிலைக்கு நெருக்கமானது ஸ்பெயினின் கோர்தோபா நகரில் 1,002 இதய நோயாளிகளை ஏழாண்டு பின்தொடர்ந்த ஆய்வு. கொழுப்புக் குறைந்த உணவு உண்டவர்களில் கழுத்து நாடிச் சுவரின் தடிப்பு மாறவில்லை. மத்தியதரைக்கடல் உணவு உண்டவர்களில் அது குறைந்தது.

எனக்கு அவ்வளவு நடக்கவில்லை. சென்ற ஸ்கேனில் தடிப்பு கூடவில்லை, அவ்வளவுதான். அழுத்தம் 126/80, எல்டிஎல் 94. குளிசையை ஒரு நாளும் விடாததால், இதில் உணவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. உணவை மாற்றிவிட்டோம் என்று குளிசையை நிறுத்திய நண்பர் ஒருவரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். ஆனால் ஞாயிறு காலையில் பெல்லெக்ரினோ மலையிலுள்ள சாந்தா ரொசாலியா கோயிலுக்கு ஏறும்போது முன்பு நான்கு இடங்களில் உட்கார்ந்த நான், இப்போது ஓர் இடத்தில் மட்டும் நிற்கிறேன். வைன் குடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அதற்காகத் தொடங்கவும் இல்லை.

குறை என்றால் செலவுதான். ஸ்பெயினில் வறட்சி வந்து 2023இல் எண்ணெய் விலை ஏறியபோது, மூவர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் மூன்று லீற்றர் வாங்குவது கனத்தது. அன்றிலிருந்து தாளிக்க மலிவான சூரியகாந்தி எண்ணெய், பச்சையாக ஊற்ற மட்டும் அந்த நவம்பர் எண்ணெய் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.