பழைய லேப்டாப்புக்குப் புது வைஃபை: உள்ளே கார்டா, வெளியே டாங்கிளா?

வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. போனில் சோதித்தால் 90க்கு மேல் காட்டுகிறது. அதே மேஜையில் இருக்கும் லேப்டாப் மட்டும் 40ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் நாம் முதலில் திட்டுவது இணைப்பு கொடுத்தவரை, அடுத்தது ரவுட்டரை. பெரும்பாலும் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. விலையைக் குறைப்பதற்காக லேப்டாப்புக்குள் வைக்கப்பட்ட மலிவான வைஃபை கார்டுதான் காரணம்.

சந்தேகம் இருந்தால் எதையும் வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபையின் ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ‘லிங்க் ஸ்பீடு’ என்று ஒரு வரி இருக்கும். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும் அது 72 அல்லது 150 என்று நின்றால், உங்கள் கார்டு அநேகமாக ஒற்றை ஆன்டெனாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசுகிற பழைய ரகம். அந்த 72லும் ஏறக்குறைய பாதி, சிக்னல் நிர்வாகத்துக்கே போய்விடும். 40 வருவதே அதனால்தான். 433 என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு, ஆனால் ஒற்றை ஆன்டெனா. 866 காட்டினால் கார்டை விட்டுவிடுங்கள், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

மாற்றுவது என்று முடிவானால் வழி இரண்டு: அடிமூடியைத் திறந்து உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவது, அல்லது யூஎஸ்பி துளையில் ஒரு டாங்கிளைச் செருகுவது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறக்க முடிகிற லேப்டாப் என்றால் உள் கார்டுதான். டாங்கிள், வேறு வழியில்லாதபோது.

காரணம் ஆன்டெனா. லேப்டாப்பின் ஆன்டெனா கார்டில் இருப்பதில்லை. பெரும்பாலான மாடல்களில் திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் அது ஒட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி வந்து கார்டில் மாட்டிக்கொள்ளும். உயரமாக, ஒன்றுக்கொன்று தள்ளி, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஆன்டெனா அது. விரல் நகம் அளவுள்ள நானோ டாங்கிளில் ஆன்டெனாவுக்கு ஏது இடம்? அட்டையில் ‘600 எம்பிபிஎஸ்’ என்று அச்சடித்திருந்தாலும், ஒரு சுவரைத் தாண்டியதும் சாயம் வெளுத்துவிடும். அந்த 600கூட, 2.4இல் 150, 5இல் 433 என்று இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிய எண். ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசையிலும் அது பேசப்போவதில்லை.

சரி, உள் கார்டில் தொல்லையே இல்லையா? உண்டு. அதுவும் கார்டை வாங்கிய பிறகுதான் தெரியவரும்.

முதலில் துளை. கடந்த பத்து ஆண்டுகளில் வந்த லேப்டாப் என்றால் அநேகமாக எம்.2 துளைதான், 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளமுள்ள கார்டு அதில் உட்காரும். எஸ்எஸ்டிக்கும் எம்.2 என்றே பெயர் என்பதால் குழம்ப வேண்டாம். கார்டின் முனையில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருக முடியாது. அதற்கும் பழைய லேப்டாப் என்றால் மினி பிசிஐஇ, அதற்கு இன்டெல் 7260 போன்ற பழைய ஏசி (வைஃபை 5) ரகக் கார்டைத் தேட வேண்டும். புதிய மேக்புக், சில மெல்லிய அல்ட்ராபுக் ஆகியவற்றில் வைஃபை சிப்பை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அங்கே பேச்சே இல்லை, டாங்கிள்தான்.

அடுத்தது, பலர் காசைத் தொலைக்கிற இடம். இன்டெல் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு வகைக் கார்டு விற்கிறது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210, பிஇ200 என்று பூஜ்ஜியத்தில் முடிபவை தனிக்கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211, பிஇ201 என்று ஒன்றில் முடிபவை அரைக்கார்டுகள் என்றே சொல்லலாம். அவற்றில் ரேடியோ பகுதி மட்டும்தான் இருக்கும். மீதி வேலையைப் பொருத்தமான இன்டெல் பிராசஸர் அல்லது சிப்செட் செய்ய வேண்டும். சிஎன்விஐ என்பது இந்த ஏற்பாடு. 201ஐ ஏஎம்டி லேப்டாப்பில் போட்டால் துளையில் கச்சிதமாக உட்காரும், ஸ்க்ரூவும் ஏறும், விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மட்டும் எதுவும் வராது. எட்டாம் தலைமுறை இன்டெல்லிலும் இதே கதைதான். எண் ஒன்று கூடுதல், விலையும் குறைவு என்று 201ஐ எடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, பயாஸ் தடை. பயாஸ் என்பது லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள். பழைய திங்க்பேடுகளிலும் ஹெச்பி லேப்டாப்களிலும், தயாரிப்பாளரின் பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினால் மெஷின் பூட் ஆகவே மறுக்கும். திங்க்பேடில் 1802 என்றும் ஹெச்பியில் 104 என்றும் ஒரு பிழை எண் திரையில் வந்து நிற்கும். பின்னால் வந்த மாடல்களில் பெரும்பாலும் இந்தக் கெடுபிடி இல்லை. உங்களுடையது பழையது என்றால், அந்த நிறுவனமே அந்த மாடலுக்கென்று விற்ற கார்டை அதன் பார்ட் எண்ணை வைத்துத் தேடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்தால், கழற்றிப் போட்ட லேப்டாப்களின் பாகங்களில் அது கிடைக்க வாய்ப்பு உண்டு.

நான்காவதை யாரும் சொல்வதில்லை. விலை குறைந்த சில லேப்டாப்களில் ஆன்டெனா கம்பி ஒன்றுதான் வரும். இரட்டை ஆன்டெனா கார்டை வாங்கி மாட்டினாலும் பாதி வேகம்தான். அதனால் கார்டை ஆர்டர் செய்யும் முன் மூடியைத் திறந்து, கம்பி ஒன்றா இரண்டா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எந்தக் கார்டு?

ஏஎக்ஸ்200 வைஃபை 6. ஏஎக்ஸ்210 வைஃபை 6இ, அதாவது 6 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தது. இரண்டும் இரட்டை ஆன்டெனா, உச்ச லிங்க் வேகம் 2.4 ஜிபிபிஎஸ். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் 210ஐ எடுக்கலாம், ஆனால் 6 கிகாஹெர்ட்ஸை நம்பி எடுக்காதீர்கள். அதற்கு ரவுட்டரும் 6இ ஆக இருக்க வேண்டும், விண்டோஸ் 11உம் வேண்டும். விண்டோஸ் 10இல் 210உம் 200 செய்கிற வேலையைத்தான் செய்யும். இன்னும் விண்டோஸ் 7ஐ விடாதவர்களுக்கு இரண்டுமே ஆகாது. இன்டெல் 8265 போன்ற முந்தைய தலைமுறைக் கார்டைப் பார்க்கலாம்.

ஏஎம்டி லேப்டாப்களில் ஆர்இசட்608, ஆர்இசட்616 என்று வருபவை உண்மையில் மீடியாடெக் சிப்கள். 616 நல்ல கார்டு. அது ஏற்கெனவே உள்ளே இருந்தால் அதைக் கழற்றி இன்டெல் போடுவது வீண் செலவு.

வைஃபை 7 பிஇ200? வேண்டாம். இன்டெல் அதை இன்டெல் மெஷின்களுக்கு மட்டும் என்றே சொல்லி விற்கிறது; ஏஎம்டியில் போட்டுப் பார்த்தவர்களில் பலருக்குக் கார்டே தெரியவில்லை. விண்டோஸில் வைஃபை 7 வேலை செய்ய விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இது எதற்கு?

டாங்கிள் பக்கம் வருவோம்

டாங்கிளின் பலம் ஒன்றே ஒன்று: ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டாம். வாரண்டியில் இருக்கும் மெஷின், அலுவலகம் கொடுத்த மெஷின், பயாஸ் தடை உள்ளது, சால்டர் செய்தது, இவற்றுக்கெல்லாம் அதுவே விடை. அப்படி வாங்கும்போது நானோ வேண்டாம். டிபி-லிங்க் ஆர்ச்சர் டி3யூ போல இரட்டை ஆன்டெனா, யூஎஸ்பி 3 என்று இருப்பதை எடுங்கள். யூஎஸ்பி 2 துளையின் உச்சம் ஏட்டில் 480 எம்பிபிஎஸ், நடைமுறையில் அதற்கும் கீழே. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அதுவே தாராளம், 500க்குப் போதாது.

யூஎஸ்பி 3இலும் ஒரு வினை இருக்கிறது. அதன் மின்காந்த இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. இன்டெல்லே 2012இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. டாங்கிளை ஒரு துளையிலும் வெளி ஹார்டு டிஸ்க்கைப் பக்கத்துத் துளையிலும் செருகிவிட்டு, வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது, வைஃபை விட்டுவிட்டு வருகிறது என்று புலம்புபவர்கள் நிறைய. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது அதைவிட நல்லது.

அப்புறம், லேப்டாப்பின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் ஒருநாள் எங்காவது இடிபடும். பையில் போடும்போது டாங்கிளோடு சேர்ந்து யூஎஸ்பி துளையும் உடைந்தால், மிச்சம் பிடித்த காசு அதற்கே போய்விடும்.

மாட்டுகிற வேலை

டாங்கிளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, செருகினால் ஆயிற்று. உள் கார்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் வேலை, புது கார்டின் வைஃபை டிரைவர், புளூடூத் டிரைவர் இரண்டையும் முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைப்பது. நெட் இல்லாத லேப்டாப்பில் நெட் டிரைவரைத் தேட முடியாது. மறந்துவிட்டீர்களா, ஆண்ட்ராய்டு போனை வயரில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே லேப்டாப்புக்குக் கடத்தும், மொபைல் டேட்டா செலவாகாது. புதிதாக விண்டோஸ் 11 போடும்போது நெட் கேட்டு நின்றுவிடுகிற திரைக்கும் இதே வைத்தியம்.

ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அடிமூடியில் சில ஸ்க்ரூக்கள் ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நீளமும் இடத்துக்கு இடம் மாறும், எது எங்கிருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூடி வந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும்.

ஆன்டெனா முனைகள்தான் நுட்பமான இடம். எம்.2 கார்டில் அவை இரண்டு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், சட்டையின் பிரஸ் பட்டனைப் போல மேலிருந்து அழுத்தினால் சிக்கென்று உட்காரும். கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல், முனைக்கு அடியில் பிளாஸ்டிக் பட்டையைக் கொடுத்து நேர்மேலே நெம்புங்கள். கருப்பு, வெள்ளை எது எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும். கார்டில் நிறைந்த முக்கோணம், வெற்று முக்கோணம் என்று குறி இருக்கும். பழைய கார்டில் இருந்தபடியே புதியதிலும் மாட்டுங்கள். மாட்டும்போது முனை சாய்ந்து நின்றால் ஒருபோதும் பலம் கொடுக்காதீர்கள். நசுங்கியது கம்பி முனை என்றால் ஆன்டெனா வயரை மாற்ற திரையையே பிரிக்க வேண்டிவரும்.

கார்டு துளைக்குள் சற்றுச் சாய்வாக நுழையும். ஸ்க்ரூ போட்டால் தாழும். பேட்டரியை மாட்டி மூடிவிடலாம்.

டிரைவர் போட்டபின் டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து, ‘ப்ரிஃபர்டு பேண்ட்’ என்பதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் சில வீடுகளில் புது கார்டும் போய் 2.4இல் ஒட்டிக்கொள்ளும். வைஃபை வந்து புளூடூத் மட்டும் வரவில்லை என்றால் பதற வேண்டாம். வைஃபை பிசிஐஇ வழியாகவும் புளூடூத் உள் யூஎஸ்பி வழியாகவும் வருவதால் டிரைவரும் தனித்தனி. டாங்கிள் வைத்திருப்பவர்கள் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டால், தூங்கி எழுந்ததும் காணாமல் போகிற தொல்லை குறையும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் போட்டியில் போட்டியே இல்லை. ஏஎக்ஸ்200க்கு 5.1 கெர்னலிலேயே, ஏஎக்ஸ்210க்கு 5.10இல், டிரைவர் உள்ளேயே வந்துவிட்டது, மாட்டினால் ஓடும். ரியல்டெக் சிப் உள்ள டாங்கிள்களில் பல, வெளியிலிருந்து டிரைவரை எடுத்து நாமே கம்பைல் செய்யச் சொல்லும், கெர்னல் அப்டேட் வந்ததும் உடையும், செக்யூர் பூட் இருந்தால் டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்தும் கேட்கும். சில டாங்கிள்கள் முதலில் தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும், விண்டோஸ் டிரைவர் உள்ளே இருக்கிறது என்பதற்காக! லினக்ஸில் அதை வைஃபையாக மாற்றவே ஒரு தனி புரோகிராம் வேண்டும். டாங்கிள்தான் வேண்டும் என்றால் மீடியாடெக் எம்டி7921ஏயூ சிப் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள், 5.18 கெர்னலிலிருந்து அதற்கு ஆதரவு உண்டு. பெட்டியின் பெயரை மட்டும் நம்ப முடியாது. ஒரே பெயரில் அடுத்த பதிப்பு வரும்போது உள்ளே இருக்கும் சிப் மாறிவிடுவது உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் லேப்டாப் மேஜையை விட்டு அசையப் போவதில்லை, ரவுட்டரும் அதே அறையில்தான் என்றால், இரண்டு கட்சியையும் விட்டுவிட்டு யூஎஸ்பியில் செருகும் கிகாபிட் ஈதர்நெட் அடாப்டர் ஒன்றையும் ஒரு லேன் வயரையும் வாங்குங்கள். அந்த இடத்தில் எந்த வைஃபை கார்டும் அதோடு போட்டி போட முடியாது.